பரிசோதனை சினிமாக் குழுக்களில் அரசியல் விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையே இல்லாத படத்தில் என்ன அரசியல் இருக்க முடியும்?

படத்துக்குள் தேடினால் சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. ஆனால் கதையை விட ஒளி, உருவம், காலம் ஆகியவற்றை வைத்துச் சோதித்துப் பார்க்கும் படங்களை எடுத்துத் திரையிடும் இந்தக் குழுக்கள் கடந்த அறுபது ஆண்டுகளாகப் போட்ட பெரிய சண்டைகள் பெரும்பாலும் படத்தைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுகளைப் பற்றியவை. எந்தப் படத்தைத் திரையிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? வாடகைப் பணத்தில் யாருக்கு எவ்வளவு? பிரிண்ட் (திரையிடுவதற்கான படச்சுருள்) யாருடைய சொத்து? லேப் வேலையை யார் செய்கிறார்கள், பெயர் யாருக்குப் போகிறது? திரையில் வெறும் ஒளி மட்டுமே மினுங்கினாலும் இந்தக் கேள்விகள் அந்த அறையில் இருக்கும். ஆகவே "எங்கள் குழுவில் அரசியல் பேசுவதில்லை" என்று யாராவது சொன்னால், அந்தக் குழுவின் தேர்வு விதியைக் கேட்டுப் பாருங்கள். அரசியல் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதப்படாமல் விடப்பட்டிருக்கும்.

தேர்வே கிடையாது என்ற விதி எப்படி வந்தது?

நியூயார்க்கில் ஏமஸ் வோகல், மார்சியா வோகல் தம்பதி 1947 முதல் 1963 வரை நடத்திய 'சினிமா 16' என்ற திரைப்படச் சங்கம் பெரிய பணி செய்தது. ஆனால் அங்கே படங்களைத் தேர்ந்தெடுத்தவர் ஏமஸ் வோகல் ஒருவரே. ஸ்டான் பிராக்கேஜ் 1958இல் எடுத்த ஒரு படத்தை அவர் ஏற்கவில்லை. அந்த மனக்கசப்பும் ஒரு காரணமாக, ஜோனாஸ் மேகாஸ் முதலான இயக்குநர்கள் 1962இல் படங்களை வாடகைக்கு விடும் 'ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ்' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் விதிகள் இவை. படத்தைக் கொண்டுவந்து வைப்பவர் யாராக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படுவார். பிரிண்ட் இயக்குநருடைய சொத்தாகவே இருக்கும். வாடகையை அவரே நிர்ணயிப்பார். அதே படத்தை வேறு இடத்திலும் கொடுத்துக்கொள்ளலாம். விவரப் பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் வரும், படத்தைப் பற்றிய குறிப்பையும் இயக்குநரே எழுதித் தருவார். தொடக்க காலத்தில் வாடகையில் 75 சதவீதம் இயக்குநருக்கு, 25 சதவீதம் அமைப்புக்கு.

இது வெறும் நிர்வாக ஏற்பாடு அல்ல. யாருக்கும் முன்வரிசை கிடையாது என்ற நிலைப்பாட்டை அகர வரிசையாகவும் சதவீதமாகவும் எழுதி வைத்தார்கள்.

இந்த விதியில் என்ன கோளாறு வரும்?

கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும், வாடகைக்குப் போகும் படங்கள் சிலதான். பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பெயர்களையே கேட்கும். மற்ற பிரிண்டுகள் அலமாரியில் கிடக்கும். ஆக, தேர்வு ஒழிந்துவிடவில்லை, வாசலிலிருந்து வகுப்பறைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இரண்டாவது கோளாறு பணம். 25 சதவீதத்தில் வாடகை, சம்பளம், பிரிண்ட் பராமரிப்பு எல்லாம் நடக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் 'கேன்யன் சினிமா' பல ஆண்டுகள் உறுப்பினர்களுக்குச் சொந்தமான அமைப்பாக இருந்து, பண நெருக்கடியில் 2012இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி லாப நோக்கற்ற நிறுவனமாக மாறியது. நன்கொடையும் மானியமும் அப்போதுதான் எளிதில் வரும். ஆனால் உறுப்பினர்களின் உரிமை என்பது அறங்காவலர்களின் பொறுப்பு என்றாகிவிடும். உங்கள் குழுவில் இந்தப் பேச்சு எழுந்தால், மூன்றாண்டு வரவு செலவுக் கணக்கை ஒரே தாளில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்த பிறகே வாதத்தைத் தொடங்குங்கள். கணக்கு இல்லாமல் நடக்கும் கொள்கை வாதம் தனிமனிதச் சண்டையாகத்தான் முடியும்.

வடிவம்தான் அரசியலா, உள்ளடக்கமா?

இந்தச் சண்டைக்கு 1975 முக்கியமான ஆண்டு. 1966இல் தொடங்கிய லண்டன் ஃபிலிம்மேக்கர்ஸ் கோ-ஆப்பில் விநியோகம், திரையரங்கு, லேப் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இயக்குநர்கள் தங்கள் படத்தைத் தாங்களே கழுவி, தாங்களே பிரிண்ட் போட்டார்கள். அந்தச் சூழலிலிருந்து 1975இல் ஒரு கலை இதழில் எழுதிய இயக்குநர் பீட்டர் கிடால், கதையும் பாத்திரமும் பார்வையாளரை மயக்கி உட்காரவைக்கின்றன, படச்சுருளும் காலமும் இயங்கும் விதத்தை அவர்கள் உணரும்படி செய்வதே அரசியல் வேலை என்று வாதிட்டார். அதே ஆண்டு, அதே இதழில், திரைப்படக் கோட்பாட்டாளர் பீட்டர் வோலன் இரண்டு பரிசோதனை மரபுகள் இருப்பதாக எழுதினார். ஒன்று கோ-ஆப் மரபு. மற்றொன்று கோதார், ஸ்ட்ராப்-ஹுய்யே தம்பதி போன்ற ஐரோப்பிய இயக்குநர்களின் மரபு: கதையையும் பேச்சையும் விடாமல் அவற்றையே உடைத்துப் பார்ப்பது. லாரா மல்வி வணிக சினிமாவில் பெண்ணைப் பார்க்கும் ஆண் பார்வை பற்றி எழுதிய கட்டுரையும் அந்த ஆண்டில் வந்ததுதான்.

கிடால் தன் வாதத்தைக் கடைசி வரை கொண்டுபோய், பெண்ணின் உருவத்தையே தன் படங்களில் தவிர்த்தார். ஆணின் பார்வைப் பொருளாக்காமல் பெண்ணைத் திரையில் காட்ட வழியே இல்லை என்பது அவர் நிலை. பெண் இயக்குநர்களில் பலர் இதை ஏற்கவில்லை. உருவத்தை அழித்துவிட்டால் அந்தப் பெண் எங்கே நின்று பேசுவாள் என்று கேட்டார்கள். எங்கள் கருத்தில் அந்த எதிர்க்கேள்விதான் வலுவானது. ஆனால் கிடால் தன் வாதத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோயிராவிட்டால் அந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வந்திருக்காது.

'அவசியம் பார்க்க வேண்டிய படங்கள்' பட்டியல் போடலாமா?

போடலாம், யார் போட்டார்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். நியூயார்க்கில் 1970இல் திறந்த ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் என்ற படக் காப்பகம் சுமார் 330 படங்களை 'அத்தியாவசிய சினிமா' என்று தொகுத்தது. தேர்வுக் குழுவில் ஜேம்ஸ் பிராட்டன், கென் கெல்மன், பீட்டர் குபெல்கா, மேகாஸ், பி. ஆடம்ஸ் சிட்னி ஆகிய ஐவர். பிராக்கேஜ் முதலில் இருந்து பின்னர் விலகினார். ஒரு பெண்கூட இல்லை. பட்டியலிலும் பெண்கள் சிலரே. அந்தச் சிலருக்குள் நாஜிக் கட்சி மாநாட்டைப் படமெடுத்த லேனி ரீஃபன்ஸ்டாலும் உண்டு.

அவர்கள் கட்டிய அரங்கையும் பார்க்க வேண்டும். குபெல்கா வடிவமைத்த 'கண்ணுக்குத் தெரியாத சினிமா' என்ற அந்த அரங்கில் சுமார் 90 இருக்கைகள். சுவர், தரை, இருக்கை எல்லாம் கறுப்பு. ஒவ்வொரு இருக்கைக்கும் பக்கத் தடுப்பும் தலைக்கு மேல் கூடு போன்ற மறைப்பும் இருந்தன. அதனால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. திரை மட்டுமே தெரியும். படத்தைக் கவனிக்க இதைவிட நல்ல ஏற்பாடு அரிது. படம் முடிந்ததும் நாலு பேர் திரும்பிப் பார்த்துப் பேச இதைவிட மோசமான ஏற்பாடும் அரிது. இருக்கைகளைப் போடும்போதே விவாதத்துக்கு இடம் விடுகிறோமா இல்லையா என்பது முடிவாகிவிடுகிறது.

1989இல் டொராண்டோவில் சர்வதேசப் பரிசோதனைத் திரைப்பட மாநாடு நடந்தபோது, இளைய இயக்குநர்கள் பலர் கையெழுத்திட்டு ஒரு பகிரங்கக் கடிதம் விட்டார்கள். பழைய மேதைகளின் பட்டியலையே திரும்பத் திரும்ப ஓதுகிறீர்கள், இன்று நடக்கும் வேலை உங்கள் கண்ணில் படவில்லை என்பது அதன் சாரம். பட்டியல் போடுகிறவர்கள் திருத்தத் தேதியையும் சேர்த்துப் போட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய ஆட்களைக்கொண்டு மறுபடி பார்ப்பது என்று முதல் நாளே எழுதி வைத்தால் இப்படிப்பட்ட கடிதத்துக்கு அவசியம் இருக்காது.

எதிர்ப்பைத் தெரிவிக்க நிகழ்ச்சியிலிருந்து விலகுவது பயன் தருமா?

சரியாகச் செய்தால் தரும். லண்டன் ஹேவர்ட் காலரியில் 1979இல் 'ஃபிலிம் அஸ் ஃபிலிம்' என்ற பெரிய கண்காட்சி நடந்தது. 1910 முதல் 1975 வரையிலான வடிவப் பரிசோதனைகளின் வரலாறு அது. தயாரிப்புப் பணியில் இருந்த பெண்கள், அனபெல் நிக்கல்சன், லிஸ் ரோட்ஸ், ஃபெலிசிட்டி ஸ்பாரோ உள்ளிட்டோர், முந்தைய தலைமுறைப் பெண் இயக்குநர்களான அலிஸ் கீ, ஜெர்மேன் டுலாக், மாயா டெரன் ஆகியோரை முன்வைத்து ஒரு பகுதியைத் தயாரித்துவந்தார்கள். தங்கள் பேச்சு எடுபடவில்லை, ஏற்கெனவே எழுதி முடித்த ஆண்களின் வரலாற்றில் ஒட்டுப்போடத்தான் தங்களைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் பொருட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் வீட்டுக்குப் போய்விடவில்லை. தங்களுக்கு ஒதுக்கிய இடத்தைக் காலியாகவே விட்டு, ஏன் காலி என்று விளக்கும் அறிக்கையை அங்கேயே வைத்தார்கள். சுற்றிலும் படச்சட்டங்களும் வரைபடங்களும் நிறைந்த கண்காட்சியில் நடந்து வருகிறவர் திடீரென்று ஒன்றுமில்லாத சுவர் முன்னால் நிற்கிறார். கண்காட்சியின் கையேட்டிலும் அந்த அறிக்கை அச்சானது. யாருடைய வரலாறு இது என்று கேட்கும் ரோட்ஸின் கட்டுரையும் அதில் உண்டு. பிறகு அவர்களில் சிலர் சேர்ந்து 'சர்க்கிள்ஸ்' என்ற பெண்கள் திரைப்பட விநியோக அமைப்பைத் தொடங்கினார்கள். அது 1991இல் 'சினிநோவா'வாக உருவெடுத்தது.

இதில் கற்க வேண்டியவை மூன்று. காரணம் அதே இடத்தில், அதே பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். அச்சில் பதிவாக வேண்டும். விலகிய பிறகு செய்யப்போகும் வேலை தயாராக இருக்க வேண்டும். மூன்றில் முதலாவது தவறினால், பார்வையாளருக்கு அது கடைசி நேர நிகழ்ச்சி மாற்றமாக மட்டுமே தெரியும்.

படத்தைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் என்ன செய்வது?

முதலில் விநியோக ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கோ-ஆப் வழியாக ஒரு விழாவுக்குப் போன படத்தைத் திரும்பப் பெற, விழாவுக்கும் விநியோக அமைப்புக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர் பிரிண்டை அனுப்பிவிடுவார். கடிதத்தில் படத்தின் பெயர், திரையிடல் தேதி, காரணம் இரண்டு வரி, பிரிண்ட் அல்லது டிஜிட்டல் கோப்பு எங்கே திரும்ப வர வேண்டும், வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களா என்பவை இருந்தால் போதும். கூட்டாக எடுத்த படமென்றால் எல்லோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பலரும் இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒருவர் விலக்குவதாக அறிவிப்பார், கூட எடுத்தவர் அரங்கில் வந்து நிற்பார்.

விழா நிர்வாகி தன் சொந்தக் கருத்தைச் சொன்னால் அது விழாவின் கருத்தாகுமா?

ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1968இல் ஹெல்முத் கோஸ்டார்ட் எடுத்த படம் ஒன்று அரசு வழக்குரைஞர் தலையீட்டுக்குப் பிறகு நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. மற்ற ஜெர்மன் இயக்குநர்கள் பெரும்பாலும் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றார்கள். 2023 அக்டோபரில், ஹமாஸ் தாக்குதலுக்குப் பின், இஸ்ரேலுக்கு ஆதரவான பேரணிக்கு அழைத்து விழாவின் இயக்குநர் இட்ட முகநூல் பதிவு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பதிவின் சொற்கள் பெர்லினில் வாழும் பாலஸ்தீன ஆதரவாளர்களை இழிவுபடுத்துவதாகப் பகிரங்கக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு விழாவிலிருந்து பலர் விலகினர். கையெழுத்திட்டவர்கள் மீதும் கடும் எதிர்விமர்சனம் வந்தது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். 1968இல் கோரிக்கை திட்டவட்டமானது: நீக்கிய படத்தைத் திரையிடு. 2023இல் ஒருவர் எழுதிய சொற்கள் ஒரு நிறுவனத்தின் நிலைப்பாடா என்பதே தீராத வாதமானது. சிறு குழுவாக இருந்தாலும் விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: குழுவின் பெயரில் யார் அறிக்கை விடலாம், அதற்கு எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும். பத்துப் பேர் குழுவில் ஏழு பேர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லாதவரை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பகிரங்கக் கடிதம் எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. யாருக்கு எழுதுகிறீர்களோ அவரால் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேளுங்கள், தேதியும் சொல்லுங்கள். எதிர்க்கும் வாசகத்தை முழுதாக மேற்கோள் காட்டுங்கள், பாதியை வெட்டினால் மறுநாள் பேச்செல்லாம் அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இருக்கும். கையெழுத்து வாங்கத் தொடங்கிய பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். பெயர் சேர்க்கப்பட்டதே தெரியாமல் ஒருவர் இருந்துவிட்டால் முழுக் கடிதத்தின் நம்பிக்கையும் போய்விடும். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மானியத்தையோ விசாவையோ நம்பி வாழ்கிறவர்கள் கையெழுத்திட மறுத்தால் அதைக் கோழைத்தனம் என்று பேசாதீர்கள்.

திரையிடலுக்குப் பின் கலந்துரையாடலை எப்படி நடத்துவது?

நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். 16 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 400 அடி ரீல் 11 நிமிடம், 1200 அடி ரீல் 33 நிமிடம். ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிடம் ஆகும். படங்கள் மொத்தம் 65 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் 40 நிமிடம் பேசலாம். 90 நிமிடம் படம் போட்டுவிட்டுப் 'பேசலாம் வாருங்கள்' என்றால் பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார்கள்.

புரொஜெக்டர் அறைக்குள்ளேயே இருந்தால் இன்னொன்று. படம் முடிந்ததும் ஆபரேட்டர் விளக்கை அணைத்துவிட்டு, சூடு தணியும்வரை விசிறியை ஓடவிடுவார். அந்த இரண்டு மூன்று நிமிடச் சத்தத்தில் மெல்லிய குரல்கள் கேட்காது. அப்போது பேச்சைத் தொடங்கினால் உரத்த குரல்காரர்களே முதலில் பேசி அன்றைய திசையை முடிவு செய்துவிடுவார்கள். விசிறி நிற்கும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் சிறு துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததில் மனதில் நிற்கும் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.

முதல் பத்து நிமிடம் என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது மட்டும். பிடித்ததா, சரியா தவறா என்பது அதற்குப் பிறகு. ஒருவருக்கு இரண்டு நிமிடம், எல்லோரும் ஒருமுறை பேசிய பிறகே இரண்டாம் முறை. இயக்குநரை மேடையில் ஏற்றாமல் முதல் வரிசையில் உட்காரவைத்தால் அது நேர்காணலாக மாறாது. நடத்துகிறவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் வேறொருவர். இரண்டையும் ஒருவரே செய்தால் அன்றைய முக்கியமான மறுப்பு குறிப்பில் இருக்காது.

வேகமாக ஒளி மினுங்கும் படங்களுக்கு முன்னறிவிப்பு கட்டாயம். டோனி கான்ராடின் 1966ஆம் ஆண்டுப் படமான 'தி ஃப்ளிக்கர்' வலிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. அதைத் திரையில் வரும்வரை விடாமல் வாசலிலேயே எழுதி வையுங்கள்.

வாதம் கைமீறினால்?

1967 டிசம்பரில் பெல்ஜியத்தின் நோக் நகரில் நடந்த பரிசோதனைத் திரைப்பட விழாவில் ஹாருன் ஃபரோக்கி, ஹோல்கர் மைன்ஸ் உள்ளிட்ட ஜெர்மன் மாணவர்கள் நிகழ்ச்சியில் குறுக்கிட்டார்கள். வியட்நாம் எரியும்போது நீங்கள் ஒளியையும் தாளத்தையும் பற்றிப் பேசுகிறீர்களே என்பது கோபம். விழாவின் பெரிய பரிசு மைக்கேல் ஸ்னோ எடுத்த 45 நிமிடப் படத்துக்குப் போனது, ஒரு அறையில் கேமராவின் பார்வை மெல்ல நெருங்கிச் செல்லும் படம் அது. ஃபரோக்கி பின்னாளில் போரும் படிமமும் பற்றிய மிகச் சிறந்த படங்களை எடுத்தார். மைன்ஸ் ஆயுதப் பாதைக்குப் போய், 1974இல் சிறையில் உண்ணாவிரதத்தில் இறந்தார். அன்றைய குறுக்கீட்டை வெறும் ஒழுங்கீனம் என்று தள்ளிவிட முடியாது. இப்படிக் குறுக்கிடுகிறவர்கள் வந்தால், கலந்துரையாடலின் நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடத்தை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டுத் திட்டமிட்ட பேச்சைத் தொடர்வது பெரும்பாலும் போதும். ஆளையோ சாதியையோ மதத்தையோ பாலினத்தையோ இழித்துப் பேசினால் மட்டும் உடனே மைக்கை வாங்கிவிட வேண்டும்.

போலீஸ் வந்தால்? தணிக்கை?

1964 மார்ச் 3 அன்று நியூயார்க்கில் ஜாக் ஸ்மித்தின் 'ஃப்ளேமிங் க்ரீச்சர்ஸ்' திரையிடலை நிறுத்திப் பிரிண்டைப் பறிமுதல் செய்தார்கள். படத்தைத் திரையிட்ட மேகாசும் கென் ஜேக்கப்சும் ஆபாச வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள், தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் காலாவதியானது என்று தள்ளியது. அவர்களுக்குச் சாதகமாக நின்ற நீதிபதி ஏப் ஃபோர்டாசைத் தலைமை நீதிபதியாக்கும் முயற்சி 1968இல் வந்தபோது, எதிர்த்தரப்பு செனட்டர்கள் இதே படத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அல்லது விலக்கு வேண்டும். விழாக்களுக்கான விலக்கை ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் படப்பட்டியல், சுருக்கம் ஆகியவற்றோடு முன்கூட்டியே கேட்க வேண்டும். 2004 மும்பை சர்வதேச விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழைக் கட்டாயமாக்க முயன்றபோது ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். விழாவில் இடம்பெறாத படங்களை 'விகல்ப்' என்ற மாற்று விழாவில் காட்டினார்கள். உங்கள் திரையிடலுக்கு அதிகாரி யாராவது வந்தால் பேச ஒரே ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள். ஒரே பிரிண்ட் மட்டும் இருக்கும் படத்தைச் சிக்கல் வரக்கூடிய இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மதிப்புக்குரிய ஒருவரின் பழைய வாழ்க்கை கேள்விக்குள்ளானால் படத்தைத் திரையிடலாமா?

2018இல் அமெரிக்க இதழொன்றில் வந்த நீண்ட கட்டுரை, நாஜி ஆக்கிரமிப்புக் காலத்து லித்துவேனியாவில் மேகாஸ் பணியாற்றிய வார இதழ்களைப் பற்றியது. யூத வெறுப்பு அச்சான தாள்கள் அவை. அவர் எழுதியவை இலக்கியம் சார்ந்தவை என்று ஒரு தரப்பு, அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் சொல்லிவந்த கதையே முழுமையில்லை என்று மறுதரப்பு. 2019 ஜனவரியில் அவர் இறந்தார். வாதம் இறக்கவில்லை.

எங்கள் முடிவு இது: படத்தைத் திரையிடுங்கள், கட்டுரையின் சாரத்தையும் அதற்கு வந்த மறுப்பையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு வாசலில் கொடுங்கள். திரையிடாமல் விட்டால் கேள்வி மறைந்துவிடும். தாள் கொடுக்காமல் திரையிட்டாலும் மறைந்துவிடும்.

பணத்துக்கு எங்கே போவது, மானியம் வாங்கினால் பேச்சுரிமை போகுமா?

கோழிக்கோட்டில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய ஒடேசா கூட்டமைப்பு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தது. 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். இந்த வழியில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அலைச்சல் மிக அதிகம். மானியம் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் நிகழ்ச்சியைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால், அந்த இடத்துக்குப் பிடிக்காத படத்தைத் தேர்வுக் குழு தானாகவே ஒதுக்கத் தொடங்கும். யாரும் கேட்காமலேயே அது நடக்கும். ஆண்டு இறுதியில் நிராகரித்த படங்களின் பட்டியலைக் காரணத்தோடு எடுத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.